ஐந்து லெட்சுமிகள் இறங்கி வந்த நாள்

திரையில் "பதிவுகள் எதுவும் இல்லை" என்று வந்தது.

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினேன். மறுபடியும் அதே பதில். இடது காதில் போன். அந்தப் பக்கம் ரவி. அவன் அழவில்லை. எந்த நொடியும் அழுதுவிடுவான் போல் இருந்தான்.

"மிஸ், இருக்காங்களா மிஸ்? ஓ நெகட்டிவ். ஒரே ஒருத்தர் இருந்தாலும் போதும்."

"இருடா, பாக்குறேன்" என்றேன்.

ஆயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவான பட்டியல் அது. அதில் ஓ நெகட்டிவ் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு நாளுக்கு முன்னால் என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்குள் அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

"இந்தப் பத்திரிகைத் தொடர்ல நீ கெட்டிக்காரியா வர்ற கதைய மட்டும்தானே எழுதுற?" என்று என் வீட்டுக்காரர் போன வாரம் குறைபட்டார். இந்த வாரம் அந்தக் குறை தீரும்.

இரண்டு மணி வரைதான்

ரவியின் மனைவி புஷ்பம் எங்கள் மலையக ஊரான லிந்துலையில் என்னிடம் கம்ப்யூட்டர் படித்தவள். வகுப்புக்கு முதலில் வருவாள், கடைசியில் போவாள். இப்போது நிறைமாதம். நச்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மறைத்துக் கிடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். ரத்தம் நிறையப் போகலாம், அதனால் அவள் வகை ரத்தம் கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வழக்கமாக அது மலைக்குக் கீழேயிருந்து வண்டியில் வந்துவிடும். ஆனால் மூன்று நாளாக விடாத மழை. கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் அந்த வகை தீர்ந்திருந்தது. ரத்தத்தைப் பரிசோதித்துத் தயார்படுத்த நேரம் வேண்டும், பகல் இரண்டு மணிக்குள் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது மணி ஒன்பதரை.

ரவிக்கு உடனே நினைவுக்கு வந்தது ஆரோக்கியம் அண்ணனின் பட்டியல். அந்தப் பட்டியல் அன்றைக்கு இருந்தது என் கையில்.

இடுப்பளவும் ரத்த வகையும்

ஆரோக்கியம் அண்ணன் தையல்காரர். லிந்துலையில் என் வகுப்புக்கு நாலு கடை தள்ளி அவருடைய கடை. சுற்றுவட்டத் தோட்டங்களில் அவரிடம் சட்டையோ ரவிக்கையோ தைக்காத ஆளைக் காண்பது கஷ்டம்.

அவருக்கு ஒரு பழக்கம். கழுத்தில் டேப்பைத் தொங்கப்போட்டு அளவெடுக்கும்போதே, "தோள் பதினாலு, இடுப்பு முப்பத்திரண்டு, ரத்தம் என்ன வகை?" என்று அதே மூச்சில் கேட்பார். தெரியாது என்று சொன்னால் திட்டு விழும். "ஒடம்புல ஓடுறது என்னன்னு தெரியாம என்னத்த உடுத்தப் போற? அடுத்த மொற வர்றப்ப கேட்டுட்டு வா." மனிதர்கள் பயந்துபோய்க் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

அளவுப் புத்தகத்தில் சேர்ந்த வகைகளை யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில், ஒற்றை விரலால், பல வருஷமாகத் தட்டித் தட்டிப் பட்டியலாக்கி வைத்திருந்தார். பெயர், தோட்டம், தோட்டத்தில் எந்த டிவிசன், ரத்த வகை, போன் இலக்கம். எங்காவது அவசரம் என்றால் அவர் கடைக்குத்தான் ஆள் ஓடும்.

ஒரே ஒரு வில்லங்கம். எல்லாம் பழைய எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்தப் போனிலும் அதைப் படிக்க முடியாது.

முதலாளிக்குத் தெரியாத பாஷை

அந்தப் பழைய எழுத்துருவோடு எனக்கு இருக்கும் உறவு பெரியது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஹட்டனில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் இந்த விரல்கள் தட்டியவைதான்.

அந்த எழுத்துருவின் சூட்சுமம் இதுதான். கம்ப்யூட்டருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது உள்ளே ஆங்கில எழுத்துகளைத்தான் சேர்த்து வைக்கும். எழுத்துரு அதன் மேல் தமிழ்ச் சட்டையைப் போட்டு விடும். சட்டையைக் கழற்றினால் லெட்சுமி என்ற பெயர் "nyl;Rkp" என்று பல்லை இளிக்கும்.

அச்சகத்தில் நானும் கூட வேலை செய்த பிள்ளைகளும் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். ஒரு துண்டுக் கடதாசியில் "Kjyhsp tUfpwhH" என்று எழுதி நகர்த்துவோம். முதலாளி வருகிறார் என்று அர்த்தம். முதலாளியே அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ மிஷினின் பார்ட் நம்பர் என்று நினைத்து மேசையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். எங்களுக்குச் சிரிப்பு அடங்க ஒரு மணி நேரம் ஆனது.

அதனால்தான், "பட்டியல யுனிகோட்டுக்கு மாத்தினா எல்லாரும் போன்லயே பாக்கலாம்" என்று ஆரோக்கியம் அண்ணனிடம் வாயை விட்டேன். அவர் ஆறு மாதம் யோசித்தார். துணி எடுக்கக் கொழும்புக்குப் போன வாரத்தில்தான் மனம் இரங்கி, கம்ப்யூட்டரையே தூக்கி என் வகுப்பில் வைத்துவிட்டுப் போனார்.

"பாத்து மா. கைய வெட்டிறாத" என்றார். துணி வெட்டுகிறவர் பேச்சு.

எழுத்துகள் இடம் மாறிய பகல்

வேலை என்ன? உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் எடுத்து, அதற்குரிய உண்மையான தமிழ் எழுத்தை அந்த இடத்தில் வைக்க வேண்டும். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது!

பழைய முறையில் கொம்பை முதலில் தட்டி, லகரத்தைப் பிறகு தட்டினால்தான் "லெ". புதிய முறையில் லகரம் முதலில் உட்கார வேண்டும், கொம்பு அதன் பின்னால் வரவேண்டும். "கொ" என்றால் மூன்று துண்டு. சின்னத் துண்டை முதலில் மாற்றிவிட்டால், பெரிய துண்டு உடைந்து கொம்பு அநாதையாகத் தொங்கும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. பொன்னம்மாவும் கோவிந்தனும் கைவேறு கால்வேறாகக் கிடந்தார்கள்.

பெரிய துண்டுகளை முன்னுக்கும் சின்னத் துண்டுகளைப் பின்னுக்கும் வைத்து, எந்த எழுத்துக்கு எந்த எழுத்து என்ற மாற்றுப் பட்டியலைத் திருப்பி எழுதினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

ஐயோ, அந்த நிமிஷம்! "nyl;Rkp" மறைந்து லெட்சுமி வந்தாள். அவளுக்குக் கீழே முத்தம்மா, ராமாயி, செபஸ்தியான் என்று வரிசை வரிசையாகத் தமிழ். எந்தச் சட்டையும் தேவைப்படாத தமிழ். என் போனில் திறந்தேன், அங்கேயும் தமிழ். வகுப்பில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன் என்று அவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நம்ப வேண்டாம். அரைச் சுற்றுத்தான்.

அந்த ஜோரிலேயே இன்னொரு வேலையும் பார்த்தேன். பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆரோக்கியம் அண்ணன் என்னென்னவோ எழுதி வைத்திருந்தார். பைப்படி, நெட்டை, கோழிக்காரி, கீச்சுக்குரல். ஆஸ்பத்திரிக்குப் போகிற பட்டியலில் இதென்ன அசிங்கம் என்று அடைப்புக்குறிக்குள் இருந்ததையெல்லாம் ஒரே கட்டளையில் துடைத்தேன். பழைய பட்டியலின் மேலேயே புதியதைச் சேமித்தேன். பிரதி எடுக்கவில்லை. வகுப்பில் வருஷம் முழுக்க "பிரதி எடுங்க, பிரதி எடுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிற அதே மிஸ்தான்.

டீ நெகட்டிவ்

அந்தப் பட்டியலில்தான் இப்போது ஓ நெகட்டிவ் யாரும் இல்லை.

தேடுவதை விட்டுவிட்டுப் பட்டியலை முழுதாகத் திறந்தேன். ரத்த வகைப் பத்தியைப் பார்த்தேன். "யூ" என்று ஒருவர். "டீ-" என்று ஒருவர். "யுடீ-" என்று இன்னொருவர்.

எனக்கு விளங்கிவிட்டது. ரத்த வகையை அவர் முதலிலிருந்தே நிஜ ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார். நானோ இருந்த உற்சாகத்தில் எல்லாப் பத்திகளையும் சேர்த்து மாற்றியிருக்கிறேன். என் கட்டளைக்கு எது நிஜ ஆங்கிலம், எது வேஷம் போட்ட தமிழ் என்று தெரியுமா? பழைய எழுத்துருவில் ஆங்கில ஏ என்றால் யு, பி என்றால் டீ. கூட்டல் குறிகூட ஊகாரச் சுழியாகிப் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேயிலை மலையில் பாதிப் பேர் உடம்பில் டீ ஓடுவதாகப் பதிவாகியிருந்தது. வேறொரு நாள் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஆனால் விரல்கள் மறக்கவில்லை. ஆங்கில ஓ என்றால் ழு. கழித்தல் குறி மட்டும் நல்லவேளை அப்படியே இருந்தது. "ழு-" என்று தட்டினேன்.

நான்கு பேர் வந்தார்கள்!

"ரவி, நாலு பேர் இருக்காங்கடா! நீ ஆஸ்பத்திரியிலயே நில்லு" என்று கத்திவிட்டு, ஒவ்வொரு இலக்கமாக அழைத்தேன். முதல் பெண் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். இரண்டாவது பெண் பிள்ளை பெற்று ஒரு மாதம்தான். மூன்றாவது ஆள் உடப்புசல்லாவையில் மகள் வீட்டில். "நான் வாறேன் தங்கச்சி, ஆனா பஸ் ஓடல" என்றார் பாவம்.

நான்காவது லெட்சுமி. நீர்க்கல் தோட்டம், மேல் டிவிசன். இருபது நிமிஷ ஓட்டம்தான். இலக்கத்தை அழுத்தினேன். பாவனையில் இல்லை என்றது.

"தெரிஞ்சா ஏன் எழுதி வைக்கிறேன்?"

ஆரோக்கியம் அண்ணன் கொழும்பிலிருந்து திரும்பும் வழியில், கினிகத்தேனையில் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது முயற்சியில் லைன் கிடைத்தது.

"ஓ நெகட்டிவ்வா? நம்ம மேல் டிவிசன் லெட்சுமி இருக்குல்ல!"

"அவங்கதான் அண்ணே. போன் வேலை செய்யல. எந்த வீட்டு லெட்சுமி அண்ணே?"

"மேல் டிவிசன்ல அஞ்சு லெட்சுமி. எந்த லெட்சுமின்னு பக்கத்துலயே போட்டிருப்பேனே, பாரு."

திரையில் லெட்சுமியின் பெயருக்குப் பக்கத்தில் வெற்றிடம்தான் இருந்தது.

"அடைப்புக்குறிக்குள்ள இருக்கும், பாரு மா."

"அத நான் அழிச்சிட்டேன் அண்ணே."

பஸ்ஸின் கூரையில் மழை விழும் சத்தம் போனில் கேட்டது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

"ஞாபகம் இல்லையா அண்ணே?" என்று கெஞ்சினேன்.

"தெரிஞ்சா நான் ஏன் எழுதி வைக்கிறேன்?" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு. "சரி, அழுவாத. நேரா அங்க போ. அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டுப் போ. ஆஸ்பத்திரிக்காரங்க கண்டுபிடிக்கட்டும்."

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. போனை வைத்துவிட்டுப் பக்கத்து இரும்புச் சாமான் கடைக்கு ஓடினேன். நசீர் நானாவுக்கு ஒரு வேன் உண்டு. நான் முழுக்கதையும் சொல்லி முடிக்கும் முன்பே கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சாவியை எடுத்துவிட்டார்.

"கதைய வழியில சொல்லுங்க மிஸ். ஏறுங்க."

கேதம் இல்லை, பயப்படாதீங்க

மழை வெறித்திருந்தது. நீர்க்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது லயத்து வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. எல்லோரும் கொழுந்து பறிக்க மலையில். எந்த மலையில் என்று கேட்டால், வீட்டில் இருந்த ஓரிருவர் மேலே மூடுபனிக்குள் கையைக் காட்டினார்கள். அங்கே போனும் எடுக்காது.

"கோயில் ஸ்பீக்கர்ல கூப்புடுங்க" என்றார் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா. கோயில் சாவியையும் அவரே எடுத்துத் தந்தார்.

தோட்டத்தில் வேலை நாளில் கோயில் ஸ்பீக்கர் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ செத்துப்போயிருக்கிறார்கள். மைக்கைக் கையில் வாங்கியதும் எனக்கு அது உறைத்தது.

"யாரும் பயப்படாதீங்க! கேதம் இல்ல! கேதம் இல்ல!" என்று தொடங்கினேன். "லிந்துலை கம்ப்யூட்டர் மிஸ் பேசுறேன். ஒரு புள்ளத்தாச்சிக்கு ரத்தம் வேணும். மேல் டிவிசன்ல ரத்தம் குடுத்த லெட்சுமி கோயிலுக்கு வாங்க! தையல்காரர் ஆரோக்கியம் அண்ணன் பட்டியல்ல இருக்கிற லெட்சுமி, ஒடனே வாங்க!"

மூன்று தடவை சொன்னேன். என் குரல் எதிர் மலையில் மோதி எனக்கே திரும்பி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. மணி பதினொன்றே முக்கால். நசீர் நானா வேனைத் திருப்பி நிறுத்தி வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாறாங்க மிஸ்!" என்று அவர்தான் முதலில் கத்தினார்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஒரு தலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு படபடக்க, கூடையை யாரிடமோ போட்டுவிட்டு, வழுக்கும் படிகளில் பெண்கள் ஓடி வந்தார்கள். நான் எண்ணினேன். ஐந்து பேர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"எந்த லெட்சுமிய மிஸ் கூப்பிட்டீங்க?" என்று மூச்சு வாங்க நின்றார்கள்.

"ரத்தம் குடுத்த லெட்சுமி."

மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். மூவரும் அதே கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில் கொடுத்தவர்கள். வகை எழுதிய அட்டை எங்கே என்றால், ஒருவருடையது நனைந்து போச்சு, ஒருவருடையது பிள்ளை கிழித்துவிட்டான், ஒருவருக்கு எங்கே வைத்தோம் என்ற ஞாபகம் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் குடுத்ததே இல்லையா?" என்று மற்றவர்களைக் கேட்டேன்.

"இல்ல மிஸ். ஆனா கங்காணி எங்களையும் போகச் சொல்லிட்டாரு. பேர் சொல்லிக் கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" என்றாள் நெடுநெடுவென்று இருந்தவள். இவள்தான் நெட்டை லெட்சுமி என்று எனக்கு அந்த இடத்தில் தெரிந்துவிட்டது.

ஐந்து பேரும் வேனில் ஏறினார்கள். வழியில் தேத்தண்ணீரும் பணிஸும் வாங்கிக் கொடுத்தேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

ஒக்கோம லெச்சுமித?

ரத்த வங்கியில் ஒரு சிங்களத் தாதி பெயர் எழுத உட்கார்ந்திருந்தார். முதல் பெண் "லெட்சுமி" என்றாள். எழுதினார். இரண்டாவது பெண்ணும் "லெட்சுமி". நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"ஒக்கோம லெச்சுமித?" எல்லோருமே லெட்சுமியா என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அந்த அறையே சிரித்தது. ரவிகூடச் சிரித்தான்.

விரலில் ஊசி குத்திச் சொட்டு ரத்தம் பார்த்தார்கள். முதல் லெட்சுமி பி பாசிட்டிவ். இரண்டாவதும் அதே. நெட்டை லெட்சுமிக்கு உடம்பில் ரத்தமே பத்தாது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்காமவள் ஏ பாசிட்டிவ். ரவியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியாக, வேனில் ஒரு வார்த்தையும் பேசாமல் ஜன்னலோரம் வந்த சின்ன உருவம். தாதி கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார்.

"ஓ நெகட்டிவ்" என்றார்.

அந்த லெட்சுமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுடைய படங்கின் ஈரம் என் சேலையெல்லாம் பரவியது. மணி ஒன்றே கால். அவள் போய்ப் படுத்தாள். வகை எதுவானால் என்ன, வந்ததற்குக் கொடுத்துவிட்டே போகிறோம் என்று இன்னும் மூன்று லெட்சுமிகள் வரிசையில் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காலை ரவி போன் பண்ணினான். பெண் பிள்ளை. இருவரும் சுகம். சந்தோஷத்தில் குதித்தேன். அப்புறம்தான் அவன் இன்னொன்றும் சொன்னான். நினைத்த அளவுக்கு ரத்தம் போகவில்லையாம். லெட்சுமியின் ரத்தத்தை ஏற்றவே இல்லையாம். அது பத்திரமாகக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு நீர்க்கல்லுக்குப் போனேன். நான் அழித்ததையெல்லாம் வீடு வீடாகக் கேட்டு எழுதுவது ஆரோக்கியம் அண்ணன் எனக்கு விதித்த தண்டனை. ஆனால் மனசு முழுக்க லெட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். மலையிலிருந்து அப்படி ஓடிவந்தவளிடம், உன் ரத்தம் தேவைப்படவில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆறுதலாக நாலு வார்த்தை யோசித்து வைத்துக்கொண்டு போனேன்.

அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க ரத்தத்த ஏத்தலியாம் லெட்சுமி. தேவைப்படலியாம்."

கை நின்றது. "ஏத்தலியா?"

"இல்ல."

"அப்ப அந்தப் புள்ளைக்கு ரொம்ப ரத்தம் போகலியா மிஸ்?"

"போகலியாம்."

"அப்பாடி, மாரியாத்தா!" என்று சாம்பல் கையாலேயே கும்பிட்டாள். "எனக்கு மூத்தவன் பொறந்தப்ப பாய் நனைஞ்சு தரையில ஓடுச்சு மிஸ். அந்த நெனப்புலதான் அன்னைக்கு வேன்ல வாயே தொறக்கல நான். அவளுக்கு அப்படி ஆகலியே, அது போதும்."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யோசனையோடு என் கொப்பியைப் பார்த்தாள்.

"இனி நாலு மாசத்துக்கு நான் குடுக்கக் கூடாதாம், அந்த நர்ஸ் அம்மா சொன்னாங்க. அதுக்குள்ள யாருக்காச்சும் வேணும்னா யாரு இருக்கா மிஸ்? இன்னைக்கே ஆளத் தேடி எழுதுங்க. வாங்க, நானும் கூட வாறேன்."